காருக்கும் பைக்குக்கும் இடையே பின்புற மோதலைத் தவிர்ப்பது எப்படி?

கேள்வி:
பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையில் 125 சிசி பைக்கில் வேலைக்குச் சென்று வருகிறேன். நான் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் பின்னால் வரும் கார்கள் மிக நெருங்கி வந்த பிறகே சடாரென்று பிரேக் அடிக்கின்றன. பிரேக் விளக்கு நன்றாகவே எரிகிறது. பெரும்பாலும் கியரைக் குறைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துவேன். என் பக்கம் வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில் 1:
கியரைக் குறைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது, நண்பரே. ஆக்சிலேட்டரை விட்டுக் கியரைக் குறைத்தால் வண்டி வேகம் இழக்கும். ஆனால் பிரேக்கைத் தொடாதவரை பின்விளக்கில் எந்த மாற்றமும் தெரியாது. எனவே கியரைக் குறைக்கும் முன்பே பிரேக்கை இரண்டு மூன்று முறை இலேசாகத் தொட்டு விளக்கை மின்னச் செய்யுங்கள். பின் பிரேக் பெடலைச் சற்று அழுத்தியதுமே விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். தாமதமாக எரிந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி அதன் சுவிட்சைச் சரிசெய்துகொள்ளலாம். சிக்னலில் நின்றதும் நியூட்ரலுக்கு மாற்றாமல், பின்னால் ஒரு வாகனமாவது வந்து நிற்கும்வரை முதல் கியரில் கிளட்ச்சையும் பிரேக்கையும் பிடித்தபடி, முன்காருக்கு நேர் பின்னால் அல்லாமல் சற்று விலகி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். எவரேனும் நிற்காமல் வந்தால் விலகிச் செல்ல வழி இருக்கும்.

பதில் 2:
நான் கார் ஓட்டுபவன். இரவில் முன்காரின் இரு பின்விளக்குகளுக்கு இடையிலான அகலம் கூடுவதைக் கொண்டு, நெருங்குகிறோம் என்று கண் உணர்கிறது. பைக்கின் ஒற்றை விளக்கில் அந்தக் குறிப்பு கிடைப்பதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால், வேகம் குறையத் தொடங்கும் முன்பே 21 மீட்டர் போய்விடும். ஆகவே முன்னால் செல்லும் பைக் ஒரு கம்பத்தைக் கடந்து இரண்டு நொடிகளாவது ஆன பிறகே நாம் அதைக் கடக்க வேண்டும். மழையில் நான்கு நொடிகள்.

கேட்டவர்:
அந்த இடைவெளியில் உடனே ஓர் ஆட்டோ நுழைந்துவிடுமே, ஐயா?

பதில் 2:
நுழையத்தான் செய்யும். ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்தி மீண்டும் பின்தங்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு முறையும் இழப்பது ஓரிரு நொடிகளே.

பதில் 3:
நீங்கள் காரின் பின்னால் மோதும் வாய்ப்பையும் மறக்க வேண்டாம். 2019 ஏப்ரல் முதல், சடாரென்று பிரேக் அடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு கட்டாயமானது 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கே. உங்களுடையதைப் போல 125 சிசி வரையிலானவற்றுக்குச் சிபிஎஸ் போதும் என்பதே அன்றைய விதி. சிபிஎஸ் இரு பிரேக்குகளையும் சேர்த்து இயக்குமே தவிர, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. எனவே உயரமான கார்களுக்குப் பின்னால் செல்லும்போது, அவற்றுக்கு முன்னுள்ள வாகனத்தின் பிரேக் விளக்கும் தெரியுமாறு விலகியும் பின்தங்கியும் செல்லுங்கள்.