அடைக்கோழி எழுந்து ஓடினால் கூட்டைப் பாருங்கள்

செக்கானூரணிக்காரன்

நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் எந்தச் சாவுக்கும் ஒரே பெயர்தான்: கழிச்சல். தலை தொங்கினால் கழிச்சல், இரை எடுக்காவிட்டால் கழிச்சல், விடிந்து கூட்டைத் திறக்கும்போது குஞ்சு விறைத்துக் கிடந்தாலும் கழிச்சல். மாசி, பங்குனியில் ஒரு தெருவையே துடைத்துவிட்டுப் போகும் வெள்ளைக் கழிச்சல்மீது இருக்கும் பயம் அப்படி. ஆனால் எங்கள் பக்கம் சத்தமில்லாமல் குஞ்சுகளைக் கொல்வது ரத்தம் குடிக்கும் பொடிச் செள்ளுதான் என்று இப்போது அடித்துச் சொல்வேன்.

போன சித்திரையில் எங்கள் பெட்டை ஒன்று அடையில் உட்கார்ந்திருந்தது. கிட்டே போனாலே சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும் ரகம். அப்படிப்பட்டது, இரண்டாவது வாரத்தில் முட்டைகளை விட்டுவிட்டு வாசலில் போய் நிற்கத் தொடங்கியது. வெயில் தாங்கவில்லை போல என்றார் அம்மா. கொண்டை வெளிறியிருந்தது, எச்சம் வழக்கம்போலத்தான் இருந்தது. பகலில் இறகைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் அகப்படவில்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். கூடைப் பின்னலின் இடுக்கெல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தது. ரத்தம் குடிக்காதது சாம்பல் நிறம், குடித்து முடித்தது சிவப்பு. என் கை முழுக்க ஏறி அரித்ததில் தூக்கமே போய்விட்டது.

இந்தச் செள்ளு கோழிமேல் குடியிருப்பதில்லை. பகலில் கூடை இடுக்கு, பலகை வெடிப்பு, கோழி அடையும் கம்பின் அடிப்பக்கம் என்று பதுங்கியிருக்கும். இருட்டியதும் ஏறி ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் இறங்கிவிடும். நம் ஊர் வெயிலுக்கு முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம்வரை வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். அடைகாப்பதோ 21 நாள். கோழி ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று வாரத்தில் செள்ளு இரண்டு, மூன்று தலைமுறை கண்டுவிடும். குஞ்சு பொரிந்து வெளியே வரும் நேரத்தில் அது உச்சத்தில் இருக்கும். பிறந்த குஞ்சின் உடம்பில் எவ்வளவு ரத்தம் இருந்துவிடப் போகிறது? பத்துப் பொரித்தால் நான்கு மிஞ்சுவதன் ரகசியம் பல வீடுகளில் இதுதான்.

அதனால் கோழிக்கு மட்டும் மருந்து தேடி அலைவதில் பயனில்லை. முட்டைகளைப் புது மண்சட்டிக்கு மாற்றி, ஆற்று மணலை வெயிலில் காயவைத்துப் பரப்பி, காய்ந்த வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டுக் கோழியை உட்கார வைத்தேன். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று அம்மா வழக்கம்போல ஒரு கரித்துண்டும் ஆணியும் வைத்தார். வைக்கட்டும், யாருக்கு நஷ்டம்? பழைய கூடையைக் கொளுத்தினேன். மரக்கூட்டைக் காலி செய்து வெளியே இழுத்துப்போட்டு, காய்ந்த தென்னஓலையைப் பந்தமாகப் பிடித்து இடுக்கு இடுக்காக வாட்டி, சுண்ணாம்பு அடித்தேன். ஒரு வாரம் கழித்து அதையே இன்னொரு முறை செய்ய வேண்டும். முதல் தடவை தப்பிய செள்ளு முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். கோழி இல்லாமல் கூட்டைச் சும்மா போட்டு வைத்தால் செத்துப்போகும் என்று நம்பாதீர்கள், செள்ளு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

உங்கள் பக்கம் என்ன அனுபவம், எழுதுங்கள்.

மேலூர் அக்கா

தம்பி, இவ்வளவு பாடு எதற்கு? எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்திலிருந்து அடுப்புச் சாம்பல்தான். புளியமரத்தடியில் ஒரு குழி, அதில் சாம்பலும் மணலும் கலந்து கொட்டி வைத்தால் கோழிகள் தானாகப் போய்ப் புரளும். கொஞ்சம் வசம்புத் தூளும் தூவுவோம். பேன் அண்டாது.

ஆனால் சாம்பலுக்கு மசியாத ஒன்றைப் போன வருடம் பார்த்தேன். குஞ்சுகளின் கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு அம்மை என்றார்கள், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொன்னார்கள். நகத்தால் தொட்டுப் பார்த்தால் புள்ளிக்குக் கால் இருக்கிறது! தெள்ளுப்பூச்சி. தலையைத் தோலுக்குள் புதைத்துக்கொண்டு நகராமல் கிடக்கிறது. தேங்காய் எண்ணெயைக் கெட்டியாகத் தடவிவிட்டு, மூச்சு முட்டித் தளர்ந்த பிறகு புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் எடுக்கும்போது உயிர் போய் உயிர் வந்தது.

எடுத்தும் திரும்ப வந்தது. கால்நடை மருத்துவர்தான் சொன்னார்: அதன் முட்டை மண்ணில் விழுந்து புழுவாகி அங்கேயே வளர்கிறதாம். கூட்டுக்கு அடியில் இருந்த மண்ணை வெட்டி அள்ளிவிட்டுப் புது மண் போட்ட பிறகுதான் நின்றது. வீட்டு நாயின் காதிலும் அதே பூச்சி ஒட்டியிருந்தது, அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தோம்.

செக்கானூரணிக்காரன்

அக்கா, சாம்பலைக் குறை சொல்லவில்லை. பேன் கோழி உடம்பிலேயே பிறந்து அங்கேயே சாகிறது. சாம்பல் குளியல் அதற்குச் சரி. பகலில் பலகை இடுக்கில் படுத்திருப்பதைச் சாம்பல் என்ன செய்யும்?

கல்லுப்பட்டி

எங்கள் ஊர்க் கதை. இங்கே பருத்திக் காடு அதிகம், அதனால் வீட்டுக்கு வீடு பூச்சிமருந்துப் புட்டி இருக்கும். தெருவில் ஒருவர் அதை வாளித் தண்ணீரில் கலந்து கோழிகளை முக்கி எடுத்தார். பேன் செத்தது, கோழியும் செத்தது. வாளித் தண்ணீரை ஊற்றிய இடத்தில் மேய்ந்த இரண்டு வாத்துகளும் போயின.

மாட்டு உண்ணிக்குக் கடையில் கொடுக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மருந்துகளைக் கோழிக்கும் பலர் பயன்படுத்துகிறார்கள். மாட்டுக்கான அளவை அப்படியே கோழிக்குக் கலக்கக் கூடாது. மருத்துவரிடம் அளவு கேட்டு, தலையில் படாமல், வெயில் ஏறுவதற்குள் அடிக்க வேண்டும். முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதை யாரும் கேட்பதே இல்லை, அவித்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

எல்லீஸ் நகர் மொட்டைமாடி

எங்களிடம் நாலே கோழி, அதுவும் மாடியில். மண்ணே இல்லாத இடத்தில் செள்ளு எங்கிருந்து வந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். ஏசி பெட்டிக்குப் பின்னால் புறா கூடு கட்டியிருந்தது, அங்கிருந்துதான் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. புறாக்குஞ்சு பறந்துபோனதும் கூட்டை அகற்றி வலை அடித்தோம். கீழ் வீட்டுக்காரருக்கும் அரிப்பு நின்றுவிட்டது. அதுவரை எங்கள் கோழிகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

உசிலம்பட்டி

பாண்டி கோவிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. விற்கவும் முடியாது, அடித்துக் குழம்பு வைக்கவும் முடியாது. அதற்குக் காலில் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு அப்பியது மாதிரி வந்தது. வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நொண்டத் தொடங்கிய பிறகு காட்டினோம். கால் செதிலுக்கு அடியில் துளைத்துப் போகும் ஒரு வகைச் செள்ளாம். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, வேப்பெண்ணெயில் முக்கச் சொன்னார்கள். செதிலைப் பிய்க்கவே கூடாது, ரத்தம் வரும். வாரக்கணக்கில் விடாமல் செய்ததில் இப்போது நன்றாக நடக்கிறது. சாமி காரியம் தள்ளிப்போய்க்கொண்டே இருப்பதால் சேவலுக்கும் அவசரமில்லை.

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்

எல்லாம் படித்தேன். செள்ளைப் பற்றிச் சொன்னது சரி, அதற்காகக் கழிச்சலை இளக்காரமாக நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் வைரஸால் வருவது. வந்த பிறகு மருந்து கிடையாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பிழைத்ததில் சில கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும். செள்ளு பிடித்த கோழி வெளிறி மெலிந்து ஒவ்வொன்றாகப் போகும். ராணிக்கெட் இரண்டு மூன்று நாளில் கொத்தாக அள்ளிக்கொண்டு போகும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் அது இன்னொன்று, ரத்தக் கழிச்சல். ஈரத் தரையில் பெருகும் ஒட்டுண்ணியால் வருவது. அதற்குத் தண்ணீரில் கலந்து கொடுக்க ஆம்ப்ரோலியம் இருக்கிறது, நேரத்தோடு கொடுத்தால் பிழைக்கும்.

ராணிக்கெட்டுக்குக் குஞ்சின் 7ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, 8ஆம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகப் போடுகிறது. பிடிக்க முடியாமல் திரியும் கோழிகளுக்காக, இரையோடு கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தை தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் திருப்பரங்குன்றத்திலேயே இருப்பதால், கிடைக்குமா என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. செள்ளும் குடற்புழுவும் உறிஞ்சிக்கொண்டிருக்கும் கோழிக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. முகாமுக்கு ஒரு வாரம் முன்பே புழு மருந்து கொடுத்து, கூட்டையும் சுத்தம் செய்துவிடுங்கள். ஊசி போட்டும் செத்துவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் வீட்டுக் கூடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

வாடிப்பட்டி

ஐயா, சந்தையில் வாங்கிய விடைக்கோழி ஒன்றை நேராகக் கூட்டத்தில் விட்டுவிட்டார் என் மைத்துனர். இப்போது மூக்கில் சளி, முகம் வீங்கி ஒரு கண் மூடியிருக்கிறது, கிட்டே போனால் நாற்றம். கழிச்சல் இல்லை. கொண்டையில் கொப்புளமும் இல்லை. என்ன செய்யட்டும்?

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்

நீங்கள் சொல்வது கொரைசா எனும் சளி நோய் மாதிரித் தெரிகிறது. கிருமியால் வருவது, ஆன்டிபயாடிக் கேட்கும். ஆனால் மருந்துக்கடையில் கேட்டு நீங்களாகக் கொடுக்காதீர்கள், கோழியைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். இன்றே அதைத் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள், தண்ணீர்ச் சட்டியும் தனி. குணமான பிறகும் கிருமியைச் சுமந்து மற்றதுக்குப் பரப்பும், அதனால் திரும்பக் கூட்டத்தில் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். இனி சந்தையிலிருந்து எது வந்தாலும் இரண்டு, மூன்று வாரம் தள்ளிவைத்து, இறக்கைக்கு அடியிலும் புட்டத்து இறகின் அடியிலும் பாருங்கள். அங்கே வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் பேன் முட்டை. பேன் மருந்து ஒரு தடவை போட்டு நிறுத்தாமல், பத்து முதல் பதினான்கு நாளுக்குள் மறுபடி போட வேண்டும்.

வாடிப்பட்டி

பிரித்துவிட்டேன் ஐயா. காலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறேன். தடுப்பு மருந்தையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா?

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்

நோய்க் கோழி இருக்கும்போது வேண்டாம், கூட்டம் தேறட்டும். வாங்கும்போது பிளாஸ்கில் ஐஸ்கட்டி போட்டு எடுத்துப் போங்கள். வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் வெறும் தண்ணீரைச் சொட்டுவிட்ட மாதிரிதான். கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதனால் தெருவில் நாலு வீட்டுக்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவைத்து, கோழிகள் அடைந்த பிறகு சாயங்காலம் போடுங்கள்.

மேலூர் அக்கா

அப்படியே டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஊசி போடும்போதே நாலு வீட்டுக் கூட்டையும் பார்த்துவிடலாம்.