வாசிப்புத் தாளில் சறுக்கிய இடம்: உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல்வாசி:
ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் வாசிப்புத் தாளுக்குப் பயிற்சி செய்பவர்களுக்கு ‘நாட் கிவன்’ (பத்தியில் சொல்லப்படவில்லை) என்ற விடையின் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. சென்ற மாதம் எனக்கு வாய்த்த பயிற்சிப் பத்தி ரப்பரைப் பற்றியது. 1876-இல் பிரேசில் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தை அடைந்ததும், மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததும், குளிர்ந்த காலைப் பொழுதில்தான் பால் நன்றாக வடியும் என்பதும் அதில் இருந்தன. ‘தொழிலாளர்கள் விடிவதற்கு முன்பே வேலைக்குப் புறப்பட்டனர்’ என்ற கூற்றுக்கு நான் யோசிக்காமல் ‘ட்ரூ’ என்று எழுதினேன். விடைப் பட்டியலில் ‘நாட் கிவன்’ என்றிருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். தொழிலாளர் என்ற சொல்லே அந்தப் பத்தியில் இல்லை. என் அம்மா இருட்டில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பெரட்டு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்து பால்மரம் சீவப் போனவர். அவரிடம் இதைச் சொன்னபோது, “அப்போ நான் எழுந்து போனத யாருமே எழுதி வைக்கலையா?” என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கத் தொடங்கினார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாணவன்:
கேள்விதான் தவறு என்பது என் கருத்து. காலையில் பால் நன்றாக வடியும் என்றால் ஆட்கள் காலையில்தானே போயிருப்பார்கள்? மலேசியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் முவெட் ஆங்கிலத் தேர்வில் உய்த்துணரும் கேள்விகள் நிறைய வருகின்றன. அங்கே சரியான இந்தப் பழக்கம் இங்கே எப்படிப் பிழையாகும்?

பட்டர்வொர்த் ஆசிரியை:
தம்பி, ‘காலையில்’ என்பதும் ‘விடிவதற்கு முன்’ என்பதும் ஒன்றல்ல. உங்கள் உய்த்துணர்வு அங்கேயே அறுந்துவிடுகிறது. நானும் தேர்வு எழுதியவள்தான். கடைசி ஐந்து விடைகளைத் தாளில் ஏற்றுவதற்குள் நேரம் முடிந்து, கையிலிருந்த பென்சிலை வைக்கச் சொன்னார்கள். ஐயெல்ட்ஸில் 60 நிமிடங்களில் மூன்று பத்திகள், 40 கேள்விகள். தாளில் எழுதுவோருக்குக் கேட்டல் பகுதியில் விடைகளைப் பெயர்த்தெழுதத் தருகின்ற பத்து நிமிடங்கள் வாசிப்பில் கிடையாது. முவெட்டிலும் 40 கேள்விகள்தாம், ஆனால் 75 நிமிடங்கள். ஆகவே, ஒன்றுக்குப் பழகிய வேகத்தை மற்றொன்றுக்குக் கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் ஒரு வரியைக் கோடிட்டுக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள்: வரி கூற்றோடு ஒத்துப்போனால் ‘ட்ரூ’, முரண்பட்டால் ‘ஃபால்ஸ்’, கோடிட எதுவுமே அகப்படாவிட்டால் ‘நாட் கிவன்’. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள் என்பதால் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். நீங்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பது தெரியும்; இருபது ஆண்டு வகுப்பறைப் பழக்கம், விடுவதாக இல்லை.

பினாங்குத் தீவுக்காரி:
எனக்கு நேர்ந்தது ஒரே ஒரு சொல்லால். ‘தே ஹார்ட்லி ரெஸ்டட்’ என்ற வரியை, அவர்கள் நன்றாக ஓய்வெடுத்தார்கள் என்றே புரிந்துகொண்டேன். ‘ஹார்ட்’ என்றால் கடுமை, ஆகவே ‘ஹார்ட்லி’ என்றால் மிகவும் என்று நெடுநாளாக என் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஃபெரியில் பட்டர்வொர்த்துக்குப் போகும்போது விடைகளைச் சரிபார்த்த தோழி, “கொஞ்சமும் ஓய்வே இல்லைங்கிற மாதிரிதான் அர்த்தம்” என்றாள். ஒரு சொல்லுக்காக மூன்று கேள்விகள் போயிருந்தன. ஃபெரி கரை சேரும் வரை நான் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செந்தூல்வாசி:
ஆசிரியை சொன்னபடி நேற்று கோடிட்டுப் பார்த்தேன். 40-க்கு 29 கிடைத்தது. பத்தி, நெல் வயல்களைப் பற்றியது. அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பதும் உதவியிருக்கலாம்.