கத்தரிக்காயை எப்போது பறிப்பது? ஆலோசனை தேவை

வெள்ளவத்தையில், மொட்டைமாடியில் பெரிய பைகளில் வளர்க்கும் ஊதாக் கத்தரியில், காய் உரிய அளவுக்கு வருமுன்னரே தோலின் மினுக்கம் மங்கிவிடுகிறது. வெட்டினால் விதைகள் பழுப்பேறியிருக்கின்றன, கறியும் கசக்கிறது. மார்ச்சில் விதைத்து ஏப்ரலில் நாற்று நட்டேன். மே மாத மழைக்குப் பின் காய்க்கத் தொடங்கியது. காயில் துளையோ புழுவோ இல்லை. கூட்டெரு இட்டு, காலையும் மாலையும் நீர் ஊற்றுகிறேன்.

பூ விரிந்த காம்பில் நூல் கட்டி நாட்களை எண்ணினேன். பெருவிரலால் அழுத்தி, பள்ளம் உடனே மீள்கிறதா என்றும் பார்த்தேன். அப்படி மீளும் காய் விரலளவே இருப்பதால் பறிக்க மனம் வருவதில்லை, இரண்டொரு நாள் விட்டாலோ முற்றிவிடுகிறது. விதைப் பைக்கற்றின் படத்திலுள்ள அளவு பைச்செடிக்குப் பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது.

பையில் வளரும் கத்தரியை, அளவைப் பொருட்படுத்தாமல், மினுக்கம் இருக்கும்போதே பறித்துவிடுவதுதான் சரியா?