வாயை மூடிக்கொண்டு உதவுவது
(குழு: செங்கோட்டை வீடு)

நான், காலை 9:10
மதினி, பிள்ளைக்கு வருகிற மாதம் ஆறு வயது முடிகிறது. குழாயைத் திறப்பது முதல் துண்டில் துடைப்பது வரை கை கழுவும் வேலை முழுவதும் அவனுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, நின்று அத்தையின் முகத்தைப் பார்க்கிறான். "சோப்பை எடு ராசா" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கை நீளுகிறது. நேற்று அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, நனைந்த கைகளைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான்.

அத்தை, 9:14
நான் சொல்லிக் கொடுத்துத்தான் இவ்வளவாவது செய்கிறான்.

புனலூர் மதினி, 9:31
அம்மா, நீ சொல்லிக் கொடுத்தது தப்பில்லை, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் சிக்கல். பிள்ளை சரியாகச் செய்வதற்காக நாம் கூடுதலாகக் கொடுக்கும் உதவியை நடத்தைப் பகுப்பாய்வில், அதாவது எங்கள் ஏ.பி.ஏ. வேலையில், பிராம்ப்ட் என்போம். கையைப் பிடிப்பது, செய்து காட்டுவது, விரலால் சுட்டுவது, படம் ஒட்டுவது, வாயால் சொல்வது எல்லாமே அதில் சேரும். வாய்ச்சொல் இலேசான உதவியாகத் தோன்றினாலும், எடுப்பதற்குக் கடினமானது அதுதான். பிடித்த கையை விரலிலிருந்து மணிக்கட்டுக்கும், அங்கிருந்து முழங்கைக்கும் தளர்த்திக்கொண்டே போய் விட்டுவிடலாம். சொல்லை அப்படித் தளர்த்துவது சுலபமில்லை. சோப்பை எடுக்க அவனுக்கு அடையாளமாக இருக்க வேண்டியது நனைந்த கை. இப்போது அந்த இடத்தில் உன் குரல் உட்கார்ந்திருக்கிறது.

புளியரை மாமா, 9:40
கையைப் பிடித்தே செய்ய வைத்தால் சோம்பேறி ஆகிவிட மாட்டானா? தவறு செய்து, விழுந்து எழுந்துதானே நாங்கள் எல்லாம் கற்றுக்கொண்டோம்.

புனலூர் மதினி, 9:52
மாமா, எனக்குச் சைக்கிள் பழக்கியபோது பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் நீங்கள்தான். எந்த இடத்தில் கையை விட்டீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதே வேலையைத்தான் இங்கேயும் செய்யப்போகிறோம். தவறு செய்யாமல் கற்க முடியாது என்பதும் இல்லை. 1963இல் டெரஸ் என்ற ஆய்வாளர், புறாக்கள் ஏறக்குறையத் தவறே இல்லாமல் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறியக் கற்பதைக் காட்டினார்.

நான், 9:55
அப்படியானால் இன்றைக்கே என்ன செய்யட்டும் மதினி?

புனலூர் மதினி, 10:08
முதலில் நிற்கும் இடத்தை மாற்று. முகம் தெரியாதபடி அவனுக்குப் பின்னால் நில். கை நனைந்ததும் மனத்துக்குள் ஐந்து எண்ணு. அதற்குள் அவன் சோப்பை எடுக்காவிட்டால், ஒரு வார்த்தையும் பேசாமல் முழங்கையை மெல்ல முன்னால் நகர்த்து. போதாவிட்டால் மணிக்கட்டைத் தொடு. கையை உதறினால் உடனே விட்டுவிடு, மல்லுக்கட்டாதே. அவன் உடம்பு அவனுடையது. உதவியைத் தாமதப்படுத்தினால் பிள்ளை அதை முந்திக்கொள்ளத் தொடங்கும் என்பதை 1971இல் டச்செட் என்பவர் எழுதினார், இன்றும் அதை நாங்கள் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். இன்னொன்று: உதவியோடு செய்தால் முதுகில் ஒரு தட்டு போதும். தானாகச் செய்த அந்த நொடியில் "அப்படித்தான்!" என்று கொண்டாடு, கழுவி முடித்ததும் அவனுக்குப் பிடித்த நேந்திரங்காய் சிப்ஸைக் கொடு. இரண்டுக்கும் ஒரே பரிசு கொடுத்தால் காத்திருப்பதே அவனுக்கு லாபம்.

அத்தை, 10:15
பேசாமல் நிற்பதா? பிள்ளை தவிப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படி வாயை மூடுவது?

புனலூர் மதினி, 10:17
ஐந்து எண்ணும் நேரம்தான் அம்மா.

(ஆறு நாள் கழித்து)

நான், இரவு 8:20
மதினி, நாட்காட்டித் தாளில் தானாகச் செய்தால் "த", உதவியோடு செய்தால் "உ" என்று குறித்து வருகிறேன். சோப்புக்கு மூன்றாம் நாளிலிருந்து "த" விழுகிறது. துண்டுக்கு நேற்று வரை "உ"தான். பள்ளிக்கூடத்தில் அழுத்துகிற குழாய் என்பதால், அங்கே பழையபடி சும்மா நிற்கிறானாம்.

புனலூர் மதினி, 8:34
குழாய் வேறு, இடம் வேறு, ஆளும் வேறு என்றால் அவனுக்கு அது கிட்டத்தட்டப் புது வேலைதான். பின்னால் நின்று, பேசாமல், குழாயைச் சுட்டிக்காட்டினால் மட்டும் போதும் என்று டீச்சரிடம் சொல். முடிந்தால் வீட்டிலேயே வேறு ஒரு குழாயிலும் பழக்கு.

அத்தை, 8:41
இன்று சாயங்காலம் வெற்றிலையைப் போட்டுக்கொண்டுதான் அவன் பின்னால் நின்றேன், வாய் திறக்க வழியில்லை. ஒரு முறை திரும்பிப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். தானே துண்டை எடுத்து, விரல் விரலாகத் துடைத்துவிட்டு, சிப்ஸ் டப்பாவிடம் போய் நின்றான். குழாயை மட்டும் மூடவில்லை.

புனலூர் மதினி, 8:43
துண்டுக்கு "த" போட்டுவிடு அம்மா. குழாயை அடுத்த வாரம் பார்ப்போம்.