உட்கார்ந்து படிக்கிறவனுக்கு என்ன அசதி?

சுங்கை சிப்புட், கல்லூரி மாணவன்

இதை நான் தட்டவில்லை. போனிடம் பேசினேன், அது எழுதியது. ல, ள, ழ எல்லாவற்றையும் அக்கா திருத்திக் கொடுத்தாள். மிச்சம் இருக்கும் பிழை அவளுடையது.

எனக்கு டிஸ்லெக்சியா. இங்கே மலேசியாவில், இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று படிக்கும்போது ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொன்னார்கள். கண்ணில் கோளாறு இல்லை, புத்தியிலும் குறை இல்லை. எழுத்தையும் அதன் ஓசையையும் சேர்த்துப் பிடிப்பதுதான் எனக்கு மெதுவாக நடக்கிறது. இப்போது மின்பொருத்தல் (வயரிங்) சான்றிதழ் படிக்கிறேன். கல்லூரி எது என்பது வேண்டாம்.

அப்பா தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறார். ஒரு குலை இருபது கிலோவுக்கும் போகும். அதை நாள் முழுக்க வெட்டித் தள்ளிவிட்டு வருகிறவர், நான் சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் படுத்திருப்பதைப் பார்த்து, "உட்கார்ந்து படிக்கிறவனுக்கு என்னடா அசதி?" என்பார். கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்வதற்காகத்தான் போன வாரத்தில் ஒரு நாளை இங்கே எழுதுகிறேன்.

காலையில் பஸ்ஸில் இருக்கும்போதே வகுப்பு வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்துவிட்டது. அறை மாறியிருக்கிறது. விரிவுரை அறைக்கு 'பிகே', விரிவுரை மண்டபத்துக்கு 'டிகே' என்று மலாய்ச் சுருக்கமாக, அதுவும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் போடுவார்கள். சின்ன 'பி'யும் (b) சின்ன 'டி'யும் (d) எனக்கு ஒரே எழுத்தின் இரண்டு பக்கம். நான் இப்போதெல்லாம் அதோடு மல்லுக்கு நிற்பதில்லை. நண்பனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுக் கேட்டுவிடுகிறேன். அவனும் அலுத்துக்கொள்ளாமல் சொல்கிறான். ஆனால் ஒரு நாளைக்கு இப்படி எத்தனை கேள்வி! கேண்டீன் அறிவிப்பு, வருகைப் பட்டியல், பட்டறைப் பாதுகாப்புப் படிவம். மற்றவர்கள் நடந்துகொண்டே படித்துவிடுகிற ஒவ்வொன்றுக்கும் நான் நிற்க வேண்டியிருக்கிறது.

முதல் வகுப்பு முழுக்க ஸ்லைடு. வாக்கியம் மலாயில், தொழில் சொற்கள் ஆங்கிலத்தில். நான் இரண்டாவது வரியில் இருக்கும்போது ஸ்லைடு மாறிவிடும். விரிவுரையாளர் பேசுவதைக் கேட்டால் வாசிக்க முடியாது, வாசித்தால் கேட்க முடியாது. கேட்பது என்று நான் முடிவு செய்து வெகுநாள் ஆகிறது. படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் ஒரு விரிவுரையாளர் சரி என்பார், இன்னொருவர் வகுப்பில் போனே கூடாது என்பார். யாருடைய வகுப்பில் என்ன சட்டம் என்பதையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும்.

அப்புறம் குவிஸ். மின்கசிவு, மிகை மின்னோட்டம் இரண்டிலிருந்தும் ஒன்றாகப் பாதுகாக்கும் சாதனம் எது என்று ஒரு கேள்வி. கொடுத்திருந்த நான்கு விடைகள்: எம்சிபி, எம்சிசிபி, ஆர்சிசிபி, ஆர்சிபிஓ. பதில் ஆர்சிபிஓ என்று எனக்குத் தெரியும். கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டே எம்சிபியைப் பிரித்து வைப்பேன், ஆர்சிசிபியில் சோதனைப் பொத்தான் இருக்கும், எம்சிபியில் இருக்காது. எம்சிசிபி பருமனாக இருக்கும். ஆனால் தாளில் அந்த நான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் என் கண் முன்னால் இடம் மாறி மாறி உட்காருகின்றன. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன்.

ஆஸ்பத்திரிக் கடிதம் கொடுத்திருப்பதால் எனக்குக் கூடுதல் நேரம் உண்டு. எப்படிக் கிடைத்தது தெரியுமா? மணி அடித்ததும், "நீ மட்டும் இன்னும் கொஞ்சம் எழுதலாம்" என்று விரிவுரையாளர் எல்லார் முன்னிலையிலும் சத்தமாகச் சொன்னார். அடுத்த வகுப்புக்கு ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். என்னை அலுவலக அறையில் ஒரு மேசை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் பிரிண்டர், போன், வருகிறவர் போகிறவர். மற்றவர்கள் அந்த நேரத்தில் நாசி லெமாக் சாப்பிட்டார்கள். கூடுதல் நேரம் என்பது என் சாப்பாட்டு நேரம்தான்.

மத்தியானம் பட்டறை. அங்கே நான் வேறு ஆள். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறம் இருக்கிறது, எழுத்து தேவையில்லை. வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் போதும், என் பலகைதான் முதலில் முடிந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். முடித்ததும் விரிவுரையாளர் சொன்னார்: "நல்லது, அறிக்கையை மூன்று பக்கத்தில் எழுதிக் கொடு."

வீட்டுக்கு வந்து போனை வாசிக்கச் சொன்னேன். மலாய்க் குரலை வைத்தால் வயர் என்பதை 'வீரே' என்கிறது. ஆங்கிலக் குரலை வைத்தால் மலாயைக் கொலை செய்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து அறிக்கையை முடிக்கும்போது நடுநிசி தாண்டிவிட்டது. அப்பா விடிவதற்கு முன் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுப்பது) கிளம்பும்போது நான் தூங்கி கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

பாடம் கடினம் என்று நான் சொல்லவே இல்லை. பாடத்துக்கு முன்னால் இருக்கிற படிகள்தான் ஆளைத் தின்கின்றன. வேறு யாருக்காவது இப்படி உண்டா?

பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை

தம்பி, நான் பேராக்கில் தோட்டப் பள்ளிகளில் பல வருடம் இருந்தவள். நம் பிள்ளைகள் ஒன்றாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும், இரண்டு வகை எழுத்தில் தொடங்குகிறார்கள். அதனால் தடுமாற்றம் இருந்தால் எல்லாரும் சொல்வது, "மூன்று மொழி, பாவம், போகப்போகச் சரியாகிவிடும்." 2010இல் லினுஸ் வந்தது, முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் வருகிறதா என்று பார்க்கும் அரசாங்கத் திட்டம்; அதில் பிள்ளைகளைச் சோதித்தோம். யாருக்கு வாசிக்க வரவில்லை என்பது தெரிந்தது. ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் சோதனை அது இல்லை. உனக்குப் படிவம் மூன்றில் தெரிந்ததே பெரிய விஷயம்.

ஒன்று கேட்கிறேன். ஓகேயு அட்டை, அதாவது உடற்பேறு குறைந்தோருக்கான அட்டை, எடுத்தாயா? டிஸ்லெக்சியா அதில் கற்றல் பிரிவில் வரும். மருத்துவர் உறுதிப்படுத்தியதும் சமூக நல இலாகாவில் பதியலாம். சுங்கை சிப்புட் என்றால் கோலகங்சார் மாவட்டம். பதிவது கட்டாயம் இல்லை, உன் விருப்பம். ஆனால் 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டத்தில் 28ஆவது பிரிவு கல்வியைப் பற்றியது. கற்பிக்கும் முறை, பாடப்பொருள், கருவி ஆகியவற்றில் நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அட்டை கையில் இருந்தால் அலுவலக மூலையில் உட்கார வைத்ததை நீ தயவாகப் பேசாமல் உரிமையாகப் பேசலாம். உயர்கல்வி அமைச்சு ஓகேயு மாணவர்களுக்குத் தருகிற உதவித்தொகையும் இருக்கிறது.

அந்த ஸ்லைடுகளை முந்தின நாளே அனுப்பச் சொல். அதற்குப் பணமும் வேண்டாம், புது அறையும் வேண்டாம். எனக்குத் தெரிந்து அதைவிட மலிவான உதவி கிடையாது.

ஈப்போ, வயரிங் வேலை செய்பவர்

தம்பி எழுதியதை என் மனைவி வாசித்துக் காட்டினார், அதிலிருந்தே புரிந்திருக்கும். என் காலத்தில் பெயரெல்லாம் வைக்கவில்லை, கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு யோசனை. சாதனங்களின் பெயரைப் படிக்காதீர்கள், படத்தோடு சேர்த்து நிற ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் என் டூல் பாக்ஸ் முழுக்க அப்படித்தான் வைத்திருக்கிறேன். அறிக்கையைப் பட்டறையிலேயே, கை வேலை செய்யும்போதே, போனில் பேசிப் பதிவு செய்துவிடுங்கள். ராத்திரி நினைவிலிருந்து எடுப்பதுதான் பாதி அசதி. வேலைக்கு வந்தபின் யாரும் என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதில்லை. கோட்டேஷன் எழுதுவது மட்டும் இன்றும் மனைவிதான்.

சுங்கை சிப்புட், கல்லூரி மாணவன்

டீச்சர், அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. அட்டை எடுக்கவில்லை. அம்மாவுக்குப் பயம். தோட்டத்தில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த லயத்து வீட்டு வரிசைக்குக் கேட்கும், "பையனுக்கு ஓகேயுவாம்" என்று பேசுவார்கள், நாளைக்குப் பெண் பார்க்கப் போகும்போது அதுதான் முன்னால் நிற்கும் என்கிறார். அக்கா இந்த 28ஆவது பிரிவை அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக் கடிதத்தை பீரோவிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருக்கிறார்.

ஸ்லைடு விஷயத்தை நாளைக்கே கேட்கிறேன். அண்ணே, ஸ்டிக்கர் எந்தக் கடையில் வாங்குகிறீர்கள்? இங்கே கிடைப்பது வெயிலில் உரிந்துவிடுகிறது.