நம்ம குடும்பம் குரூப்: தருண் நெஞ்சு சளி

வசந்தி சித்தி: பிரியா, உன் பையன் தருண் எப்படி இருக்கான், போனே எடுக்கலயே, ஆச்சி ராத்திரி பூரா தூங்கல

பிரியா: இப்பத்தான் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து கொண்டு வந்தாங்க சித்தி. நல்லா இருக்கான். எடுத்துட்டாங்க

செந்தில் மாமா: என்னத்தம்மா எடுத்தாங்க? நிமோனியான்னு தானே சொன்னீங்க

பிரியா: பாதி கடலை மாமா. வலது பக்க மூச்சுக்குழாய்ல சிக்கி ஊறி உப்பிப்போய் கிடந்திருக்கு. மயக்கம் குடுத்து வாய் வழியா பிராங்கோஸ்கோப்னு மூச்சுக்குழாய்க்குள்ள பாக்குற குழாய விட்டு எடுத்தாங்க. சின்ன டப்பால போட்டு காட்டுனாங்க, பழுப்பா, சுத்தி சீழ் மாதிரி சளி, பாத்ததும் எனக்கு கண்ணு இருட்டிடுச்சு. ரெண்டரை மாசமா சிரப்பு ஆன்டிபயாடிக் நெபுலைசர்னு அலைஞ்சது எல்லாம் இதுக்குத்தான்

மீனாட்சி அத்தை: ஐயோ முருகா. எக்ஸ்ரேல தெரியலயா?

பிரியா: காசு, ஊக்குன்னா பளிச்சுனு தெரியுமாம் அத்தை, கடலை தெரியாதாம். அடைப்புக்கு கீழ சளி கட்டுனது மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. மருந்து குடுத்தா காய்ச்சல் விடும், நிப்பாட்டுனா திரும்ப வரும், மூணு தடவையும் அதே வலது பக்கம் கீழதான். முன்னாடி பாத்த எடத்துல யாரும் இதை கேக்கவே இல்ல. இப்ப பாத்த டாக்டரம்மா மூணு எக்ஸ்ரேயையும் வரிசையா வச்சு பாத்துட்டு, முதுகுல ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஸ்டெத் வச்சு கேட்டாங்க, வலது பக்கம் காத்தே சரியா போகலன்னாங்க. அப்புறம் கேட்டாங்க, பிள்ளைக்கு எப்பவாவது புரையேறுச்சான்னு

வசந்தி சித்தி: ஏறுச்சே!! பங்குனிப் பொங்கல் அன்னைக்கு திண்ணையில வச்சு... நான்தான யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்லி தலைய தட்டுனேன். கடவுளே

பிரியா: நானும் பக்கத்துல தானே இருந்தேன் சித்தி, நீங்க மனசு கஷ்டப்படாதீங்க. மூஞ்சி செவந்து இருமுனான், ரெண்டு நிமிஷத்துல அடங்கி விளையாட போயிட்டான், நாமளும் மறந்துட்டோம்

கார்த்திகா: அடங்குறதுதான் ஏமாத்தும் அக்கா. உள்ள போய் உக்காந்துட்டா இருமல் குறைஞ்சிரும், வெளிய வந்துருச்சுன்னு நினைச்சுக்குவோம். எங்க வார்டுலயும் பாத்திருக்கேன்

செந்தில் மாமா: அது ஏன் வலது பக்கமே போகுது?

கார்த்திகா: வலது குழாய் கொஞ்சம் அகலம், நேரா கீழ இறங்கும் மாமா, அதான் பெரும்பாலும் அங்க போகும். கடலையில எண்ணெய் வேற இருக்கா, குழாய் புண்ணாகி வீங்கிரும். 2 வயசுல முன்பல்லால கடிச்சிரும், அரைக்கிறதுக்கு கடவாப்பல்லு முழுசா வந்திருக்காது. 5 வயசு வரைக்கும் முழு கடலை, முந்திரி, பொரிகடலை வேண்டவே வேண்டாம், பொடிச்சு குடுங்க. ஓடும்போது சிரிக்கும்போது வாயில எதையும் திணிக்காதீங்க

மீனாட்சி அத்தை: அந்த நேரத்துல விரலை விட்டு எடுக்கலாமா?

கார்த்திகா: கண்ணுக்கு தெரியலன்னா விடாதீங்க அத்தை, இன்னும் உள்ள தள்ளிரும். நல்லா இருமிட்டு இருந்தா இரும விடுங்க. சத்தமே வராம மூச்சு திணறுனா ஒரு ஆளு 108 கூப்பிடணும், இன்னொரு ஆளு பிள்ளைய தலை தாழ சாய்ச்சு ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல 5 தட்டு பலமா தட்டணும். போகலன்னா, 1 வயசுக்கு கீழன்னா மல்லாத்தி நெஞ்சு நடுவுல 5 அமுக்கு, பெரிய பிள்ளைன்னா பின்னாடி நின்னு தொப்புளுக்கு மேல உள்ளயும் மேலயுமா 5 அமுக்கு. மாத்தி மாத்தி செய்யணும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து செஞ்சே காட்டுறேன்

நித்யா: கார்த்தி, என் பொண்ணுக்கும் ஒரு மாசமா வீசிங் விடவே இல்ல டி

கார்த்திகா: புரையேறுச்சா?

நித்யா: தெரியலயே. பகல்ல அத்தைகிட்ட தான் இருப்பா. இரு, கேட்டுட்டு வரேன்