மறு: டோக்கனைசேஷன் – வில்லையா, இடுகுறியா?

வணக்கம்.

பணம் செலுத்தும் செயலியின் தமிழாக்கத்தை நாளை இரவுக்குள் ஒப்படைக்க வேண்டும். அட்டை எண்ணுக்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண்ணைக் கொடுக்கும் முறைதான் டோக்கனைசேஷன். அதற்கான இந்த ஒரு சொல்தான் பாக்கி.

> 'மறைகுறி' என்றால் எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் மறையாக்கம் (encryption) என்று தவறாகப் புரியும். மறையாக்கம் செய்த எண்ணைத் திறவுகோல் இருந்தால் மீட்டுவிடலாம். டோக்கனை வைத்துக்கொண்டு அட்டையின் 16 இலக்க எண்ணைக் கணக்குப் போட்டுப் பிடிக்க முடியாது. எந்த டோக்கன் எந்த அட்டைக்கு உரியது என்பது, டோக்கன் கொடுத்தவரின் பெட்டகத்தில் உள்ள பட்டியலுக்குத்தான் தெரியும். ஒரு கடைக்கென்று கொடுத்த டோக்கன் திருடு போனாலும் வேறு கடையில் செல்லாது. 'அட்டையைச் சேமிக்கவா?' என்று திரை கேட்டதும் விரல் தயங்குகிறதே, அந்தத் தயக்கத்துக்குப் பதில் இந்தச் சொல்லிலேயே இருக்க வேண்டும்.

அதனால்தான் 'இடுகுறி' என்றேன். காரணம் கருதாமல் இட்டு வழங்கும் பெயர் என்று, நன்னூலார் காரணப்பெயரிலிருந்து பிரித்துச் சொன்ன அதே இடுகுறி.

> 'எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே' என்பது தொல்காப்பியம். இடுகுறியே தமிழில் கிடையாது.

ஐயா, 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்பதும் தொல்காப்பியர் வாக்குதானே? காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை, பார்த்தவுடன் விளங்காது என்கிறார். டோக்கனும் அப்படித்தான். காரணம் பெட்டகத்துக்குத் தெரியும், கடைக்குத் தெரியாது. நீங்கள் காட்டிய நூலே என் பக்கம் பேசுகிறது.

'கணையாழி' என்றும் ஒரு யோசனை வந்தது, அழகான சொல். ஆனால் இராமன் மோதிரத்தை மட்டும் நம்பவில்லை, சீதைக்கு மட்டுமே தெரிந்த அடையாளச் செய்திகளையும் அனுமனிடம் சொல்லியனுப்பினான். ஆக அந்தக் கதை இரட்டைச் சரிபார்ப்புக்குத்தான் பொருந்தும். அதற்குச் சொல் தேடும்போது மறக்காமல் எடுத்துக்கொள்வோம்.

> இலக்கணம் மறந்தவருக்கு இடுகுறி எதற்கு? 'வில்லை' போதும். அல்லது டோக்கன் என்றே விடுங்கள்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வரிசையில் நின்று டோக்கன் வாங்காதவர் யார்? ஆனால் அந்த டோக்கனை யார் கையில் கொடுத்தாலும் செல்லும். இது செல்லாது என்பதில்தானே பாதுகாப்பே இருக்கிறது! வில்லை என்றாலோ எனக்கு அஞ்சல்வில்லையும் மருந்துவில்லையும்தான் நினைவுக்கு வருகின்றன.

சரி, நால்வர் 'அடையாள வில்லை' என்கிறீர்கள், நேரமும் இல்லை. திரையில் அதையே இடுகிறேன். உதவிப் பக்கத்தின் விளக்கத்தில் மட்டும் 'இடுகுறி' இருக்கும். அதை எடுக்கச் சொல்பவர்கள் நாளை மதியத்துக்குள் காரணத்தோடு எழுதுங்கள்.